முதலிடம் எந்த நோய்க்கு? நாடுகளின் இறப்புக் காரணப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பற்றி

#1 கணக்கேடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சென்ற வாரம் ஓர் உலகப் படம் வந்தது. ஒவ்வொரு நாட்டின் மேலும், அங்கே மிகுதியான உயிர்களைக் கொண்டுபோகும் நோயின் பெயரை எழுதியிருந்தார்கள். ஜப்பானுக்குப் புற்றுநோய், இங்கிலாந்துக்கு மறதிநோய், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதயநோய், ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கு நிமோனியாவும் பச்சிளங்குழந்தை மரணமும். படம் வந்த கால் மணி நேரத்தில், ஜப்பானியர் பச்சை மீன் தின்பதால்தான் இப்படி என்று என் சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆங்கிலேயர் வயதான காலத்தில் தனியாக வாழ்வதால் மறதி வருகிறது என்று என் மைத்துனர் முடித்துவைத்தார். புள்ளியியல் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு வாய் அரித்தது; ஆனாலும் சித்தப்பாவோடு வாதாடுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பட்டியலை எப்படி வகுத்தது என்று அது சொல்லவில்லை. ஜப்பானின் சுகாதார அமைச்சகம் எல்லா உறுப்புகளின் புற்றையும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்து எண்ணுகிறது. 2023இல் அங்கே நேர்ந்த சுமார் 15 லட்சத்து 76 ஆயிரம் இறப்புகளில் புற்றுநோய்க்குச் சுமார் 3 லட்சத்து 82 ஆயிரம், இதயநோய்க்குச் சுமார் 2 லட்சத்து 31 ஆயிரம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தேசியப் புள்ளியியல் அலுவலகமோ நுரையீரல் புற்று, பெருங்குடல் புற்று, மார்பகப் புற்று என்று தனித்தனியாகப் பிரித்து வரிசைப்படுத்துகிறது. அப்படிப் பிரித்ததால்தான் 2015இல் 11.6 விழுக்காட்டோடு மறதிநோய் அங்கே முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் எல்லாப் புற்றுகளையும் கூட்டியிருந்தால் 27.9 விழுக்காடு வந்திருக்கும் என்பதை அந்த அலுவலகமே குறிப்பிட்டிருந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஜப்பானில் புற்றுநோய் கூட்டணியாக நின்றது, இங்கிலாந்தில் ஒவ்வொரு கட்சியும் தனித்து நின்றது. வாக்கு ஏறத்தாழ அதேதான், வெற்றி மட்டும் வேறொருவருக்குப் போனது.

உலக சுகாதார நிறுவனத்தின் உலகப் பட்டியலிலும் இதே கதைதான். 2021இல் இதயத் தமனி நோய்க்குச் சுமார் 91 லட்சம் இறப்புகள் என்று அது முதலிடத்தில் இருக்கிறது. புற்றுகளில் நுரையீரல் புற்று மட்டுமே முதல் பத்துக்குள் தலைகாட்டுகிறது. ஆனால் 2022க்கான மதிப்பீட்டின்படி எல்லாப் புற்றுகளும் சேர்ந்தால் சுமார் 97 லட்சம் இறப்புகள். அப்படியானால் புற்றுதான் முதலா என்று கேட்டால், பக்கவாதத்தையும் ஏனைய இதய, இரத்தநாள நோய்களையும் நீங்கள் ஏன் சேர்க்கவில்லை என்று மறுபக்கம் கேட்கும். சேர்த்தால் அவர்கள் ஒரு கோடியே எழுபது லட்சத்தைத் தாண்டிவிடுவார்கள். முதலிடம் யாருக்கு என்பது கத்தி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. இதைச் சித்தப்பாவுக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்ல வழி இருந்தால் யாராவது கூறுங்கள்.

#2 இரவுப்பணி

கணக்கேடு ஐயா, நீங்கள் கத்தியைப் பற்றி எழுதினீர்கள். வெட்டப்படுகிற பொருள் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். நான் மருத்துவர். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் நம் நாட்டில் படிவம் 4இல், வீட்டில் இறந்தால் படிவம் 4அ-வில், மருத்துவர் இறப்புக் காரணத்தை எழுத வேண்டும். அதில் முதல் பகுதி படிகள் போல இருக்கும். மேல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அதற்குக் காரணமானது, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படைக் காரணம். நோய்க்குரிய குறியீட்டு எண்ணாக மாறிப் புள்ளிவிவரத்தில் ஏறுவது அநேகமாக அந்தக் கடைசி வரிதான்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அதிகாலை மூன்று மணிக்கு, ஐந்து நோயாளிகள் காத்திருக்க, வெளியே உறவினர்கள் அழுதுகொண்டிருக்க, நான் நிரப்பிய படிவங்களில் பலவற்றில் "இதயமும் மூச்சும் நின்றுபோதல்" என்ற ஒரே வரிதான் இருந்தது. எழுதும்போது அது தவறு என்று எனக்குத் தெரியாது. மூத்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், நானும் எழுதினேன். இறந்த யாருக்குத்தான் இதயம் நிற்கவில்லை? நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் கெட்டு இறந்தவரும், காசநோயில் இறந்தவரும் இந்த ஒரு வரியில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பயனற்ற பதிவுகளுக்கு உலக நோய்ச்சுமை ஆய்வாளர்கள் "குப்பைக் குறியீடு" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கடுமையானதுதான், ஆனால் அந்தக் குப்பையில் என் கையெழுத்தும் கிடப்பதால் நான் மறுக்க முடியாது.

இது நம் நாட்டின் நோய் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் 1995 ஜனவரி முதல், நோயின் இறுதி நிலையாக வரும் இதயச் செயலிழப்பை இறப்புக் காரணமாக எழுத வேண்டாம் என்று சான்றிதழ்ப் படிவத்திலேயே அச்சிட்டார்கள். உடனே அங்கே இதயநோய் இறப்புகள் செங்குத்தாகச் சரிந்து, பக்கவாதம் அதை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஒரே ஆண்டில் ஒரு நாட்டு மக்களின் இதயம் தேறிவிடவில்லை; படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020இல் பதிவான சுமார் 81 லட்சம் இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே. அவையும் பெரும்பாலும் மருத்துவமனையில் நேர்ந்த இறப்புகள். மீதியுள்ளவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை எந்த மருத்துவரும் எழுதவில்லை.

#3 கரிசல்காட்டான்

இருவரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் போக்கில் போனால், எல்லாம் படிவத்தின் விளையாட்டு, எதையும் நம்ப முடியாது என்ற இடத்தில் போய் நிற்போம். அது சித்தப்பாவின் பச்சை மீனைவிட ஆபத்தானது என்பது என் எண்ணம்.

நாடுகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது என்பதற்கு பின்லாந்தைப் பாருங்கள். ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வில் கிழக்குப் பின்லாந்து ஆண்களிடையே இதயத் தமனி நோய் மிக அதிகமாகவும், ஜப்பானிலும் கிரீட் தீவிலும் மிகக் குறைவாகவும் இருந்தது. அந்தக் கிழக்குப் பகுதியான வடக்குக் கரேலியாவில், ஊர் மக்களே அரசிடம் முறையிட்டதன் பேரில், 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெயும் கொழுப்புப் பாலும் உப்பும் புகையிலையும் குவிந்த வாழ்க்கை அது. பெண்கள் சங்கங்கள் வழியாகச் சமையலை மாற்றினார்கள், பால் பண்ணைக்காரர்கள் சிலரைப் பழச் சாகுபடிக்குத் திருப்பினார்கள். நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயத் தமனி நோய் இறப்பு விகிதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இது குறியீட்டு மாற்றத்தால் வந்ததென்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வயதுக்கும் அறுபத்து நான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் சாகாமல் இருந்தார்கள். அதை எண்ணுவதற்குக் குறியீடு எதுவும் தேவையில்லை.

ஆகவே கணக்கேடு ஐயாவிடம் என் கேள்வி: எதை ஒப்பிட்டால் சரி, எதை ஒப்பிட்டால் பிழை என்று கோடு கிழித்துக் காட்ட முடியுமா?

#4 கணக்கேடு

நல்ல கேள்வி, அதில் நீங்கள் தந்த சான்றிலேயே பாதி விடை இருக்கிறது. கரேலியாவில் யாரும் "முதலிடம் எதற்கு" என்று கேட்கவில்லை. ஒரு நோயை எடுத்தார்கள், ஒரு வயது வரம்பை எடுத்தார்கள், லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு என்று ஆண்டுதோறும் எண்ணினார்கள். வயதைக் கட்டிப்போடாத ஒப்பீடு எதையும் நான் நம்ப மாட்டேன்.

ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால் ஜப்பானிலும் நைஜீரியாவிலும் ஏறத்தாழ 12, 13 என்றே வரும். கத்தாரில் அது 2ஐக்கூட எட்டுவதில்லை. இதை மட்டும் பார்த்தால் கத்தார் சாகாவரம் பெற்ற நாடு என்றும், ஜப்பானும் நைஜீரியாவும் ஒரே தரம் என்றும் தோன்றும். உண்மையில் ஜப்பானியரின் சராசரி ஆயுள் 84 ஆண்டு. அங்கே மக்களில் சரிபாதிப் பேர் நாற்பத்தெட்டு வயதைக் கடந்தவர்கள். நைஜீரியாவில் சரிபாதிப் பேர் இன்னும் இருபதைத் தொடவில்லை. ஜப்பானில் இறப்பவர் தொண்ணூறை எட்டிய பாட்டி, நைஜீரியாவில் இறப்பது மூன்று நாள் குழந்தை. கத்தாரில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குப் போன நடுவயது வெளிநாட்டு ஆண்கள். அவர்கள் முதுமையை அடையும்போது ஊர் திரும்பியிருப்பார்கள். இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே வயது அமைப்புள்ள கூட்டமாகக் கணக்கில் மாற்றிக்கொண்ட பிறகுதான் நோய்களை ஒப்பிட வேண்டும். வயதுச் சீராக்கம் என்று இதைத்தான் சொல்கிறோம்.

ஜப்பானின் புற்றுநோயை இந்தக் கண்ணால் பார்த்தால் சித்தப்பாவின் பச்சை மீன் நீந்தி ஓடிவிடும். அங்கே 1950 வரை காசநோய்தான் முதலிடம். 1951 முதல் 1980 வரை பக்கவாதம். 1981 முதல் புற்றுநோய். பக்கவாதம் ஏன் இறங்கியது? வடக்கே அகிதா மாகாணத்தில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு 20 கிராமுக்கும் மேல் என்று 1950களில் அளந்தார்கள். நீண்ட பனிக்காலம், உப்பில் ஊறிய காய்கள், மிசோ என்னும் உப்பான சோயா விழுதில் வைத்த குழம்பு, குளிர் புகும் வீடுகள். நடுவயதிலேயே உழவர்கள் பக்கவாதத்தில் விழுந்தார்கள். பின்னர் இரத்த அழுத்தப் பரிசோதனையும் உப்புக் குறைப்பும் வந்தன, குளிர்சாதனப் பெட்டி வந்ததால் ஊறுகாய்ப் பானைக்கு வேலை குறைந்தது. ஐம்பது வயதில் பக்கவாதத்தில் போக இருந்தவர் எண்பதைக் கடந்து, புற்று வரும் வயது வரை வாழ்ந்தார். புற்றுநோய் முதலிடம் வந்தது பெரும்பாலும் இப்படித்தான். வயதைச் சீராக்கிப் பார்த்தால் ஜப்பானில் புற்றுநோய் இறப்பு விகிதம் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது.

#5 தோகாவாசி

கத்தாரின் பெயர் வந்ததால் எழுதுகிறேன். நான் இங்கே பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊர்க்காரர் யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலைகளில் நண்பர்களோடு நானும் அலைவதுண்டு.

முப்பத்து நான்கு வயது, சிவகங்கைப் பக்கம், இரும்புக் கம்பி கட்டும் வேலை. இரவு உணவு உண்டு படுத்தவர் காலையில் எழவில்லை. சான்றில் "இயற்கை மரணம், இதயச் செயலிழப்பு" என்று இருந்தது. உடற்கூறாய்வு நடக்கவில்லை. அவருடைய அண்ணன் தொலைபேசியில் என்னிடம், "தம்பிக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே, இயற்கை என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஜூலை மாதம் அது. வெயிலா, பிறவியிலேயே இதயத்தில் இருந்த குறையா, வேறு ஏதாவதா, எதுவும் தெரியாமலே பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தது.

வளைகுடா நாடுகளில் இறக்கும் தெற்காசியத் தொழிலாளர் பலரின் சான்றுகளில் இதே சொற்கள்தான் இருக்கின்றன என்று மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கணக்கேடு ஐயா சொன்ன வயதுச் சீராக்கத்தை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அதற்குள் போகிற சொல் "இயற்கை" என்றால் வெளியே வருவதும் "இயற்கை"தானே?

#6 இரவுப்பணி

ஆம், அப்படித்தான் வரும். முப்பத்து நான்கு வயதில் இதயச் செயலிழப்பு என்பது விடையல்ல, அது விசாரணையின் தொடக்கம். வெப்பத்தால் நேரும் இறப்பு உடலில் தனி அடையாளம் விட்டுச் செல்வது அரிது. கண்டெடுக்கும்போது உடல் எவ்வளவு சூடாக இருந்தது, அன்று அவர் எங்கே எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று உடனே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு நிறுவுவது மிகக் கடினம். அந்த அண்ணனிடம் என் சார்பிலும் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

#7 செஞ்சிக்கோட்டை

மருத்துவர் எழுதாத இறப்புகளைப் பற்றி அறிய ஒரு வழி இருக்கிறது. அதில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்ல விரும்புகிறேன். 1990களின் பிற்பகுதியில், வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னையில் 48,000 பேரும் அன்றைய விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 32,000 பேருமாக, 80,000 வயதுவந்தோரின் இறப்புகளை ஆராய்ந்தார்கள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், இறந்தவருக்கு என்ன செய்தது, காய்ச்சல் எத்தனை நாள், இருமலில் இரத்தம் வந்ததா, எடை குறைந்ததா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்வார்கள். வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர். எங்கள் தெருவில் அப்படிக் கேட்க வந்தவர்களுக்கு என் ஆத்தா மோர் கொடுத்து உட்காரவைத்து, தாத்தாவின் கடைசி மூன்று மாதத்தையும் ஒன்று விடாமல் சொன்னதை நான் சிறுவனாக நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த உழைப்பிலிருந்து வந்த முடிவுகள் சாதாரணமானவையல்ல. காசநோயில் இறந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் இறப்புக்குப் புகைபிடித்தல் காரணம் என்பது 2003இல் வெளிவந்தது. காசநோய் கிருமியால் வருவது என்று மட்டும் அறிந்திருந்த எங்களுக்கு, பீடி அதில் பங்காளி என்று காட்டியது அதுதான்.

இதே முறையை நாடு முழுவதும் விரித்த பத்து லட்சம் இறப்புகள் ஆய்வின் பாம்புக்கடிக் கணக்கு இன்னும் வியப்பானது. மருத்துவமனைகளின் வழியே அரசுக்குத் தெரிந்த பாம்புக்கடி இறப்புகள் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டியதில்லை. வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது 2005ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 46,000 என்று 2011இல் வெளியிட்டார்கள். கடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்து சேராமலே இறந்தால் மருத்துவமனை ஏட்டில் அந்தப் பாம்பு எப்படி ஏறும்?

#8 கரிசல்காட்டான்

செஞ்சிக்கோட்டை அவர்களே, அருமையான தகவல். ஆனால் அதே ஆய்வினர் 2010இல் மலேரியாவைப் பற்றிச் சொன்னபோது நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பேர் மலேரியாவில் இறக்கிறார்கள் என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய மதிப்பீடு சுமார் 15,000. காய்ச்சலின் விவரத்தை வைத்து மலேரியாவைப் பிரித்தறிய இயலாது என்று நிறுவனம் கடுமையாக மறுத்தது. பாம்புக்கடியைப் பக்கத்து வீட்டாரும் அடையாளம் சொல்வார். காய்ச்சலுக்கு அப்படி முகம் கிடையாது. வாய்மொழி விசாரணை எந்த நோய்க்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று பிரித்துப் பார்த்தே அதை நாம் ஏற்க வேண்டும்.

#9 வடமராட்சி

இலங்கையிலிருந்து ஒரு செய்தி. எங்களிடம் வீட்டில் நிகழும் இயற்கை மரணத்தைக் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பதிவார்கள். திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். இந்த இரண்டாவது ஏற்பாடு இருப்பதால், தற்கொலை மரணங்களின் கணக்கு எங்கள் நாட்டில் ஓரளவு நம்பத்தக்கதாக இருந்து வந்திருக்கிறது. 1995இல் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தோம். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை 1984 முதல் படிப்படியாகத் தடை செய்து, 1995இலும் 1998இலும் மேலும் பலவற்றை நிறுத்தினார்கள். அதன்பின் இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு இறங்கியது. இடையில் 2009 வரை போரும் நீடித்தது. நெல் விளைச்சலும் குறையவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், விழுப்புரத்தில் அதே ஆய்வாளர்கள் 1997, 98ஆம் ஆண்டுகளுக்குக் கண்ட தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 62 என்று நான் வாசித்ததுதான். எங்களுடைய உச்சத்தையும் மிஞ்சியது அது. காவல்துறைப் பதிவுகளை மட்டும் பார்த்திருந்தால் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம்தான் துயரம் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள்.

#10 இரவுப்பணி

முதல் பதிவில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 2018 முதல் மூன்றாம் இடம் எதற்குத் தெரியுமா? மூப்புக்கு. 2023இல் மட்டும் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் மூப்பால் இறந்தார்கள் என்று அந்நாட்டுச் சான்றுகள் சொல்கின்றன. ஆய்வாளர்களின் அகராதியில் மூப்பும் ஒரு குப்பைக் குறியீடு. ஆனால் அங்கே மருத்துவர்களுக்கான வழிகாட்டிக் கையேடு, முதியவருக்கு வேறு காரணம் எதுவும் எழுத இல்லாதபோது அதை எழுத இடம் தருகிறது. 2022இல் மறைந்த இரண்டாம் எலிசபெத் அரசியின் இறப்புப் பதிவிலும் காரணம் "முதுமை" என்ற ஒரே சொல்தான். தொண்ணூற்றாறு வயதுப் பாட்டிக்குச் சோதனை மேல் சோதனை செய்து ஒரு நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், மருத்துவராகிய எனக்கே தயக்கமாக இருக்கிறது. முப்பத்து நான்கு வயதுக்காரரின் "இயற்கை"யும் இந்த "மூப்பு"ம் பட்டியலில் ஒரே குப்பைக் கூடைக்குப் போகின்றன. எனக்கு அவை ஒன்றல்ல.

#11 கணக்கேடு

ஒன்றல்ல என்பதை முழுமையாக ஏற்கிறேன். எழுபது வயதுக்குக் கீழான இறப்புகளை மட்டும் தனியே எடுத்து நாடுகளை ஒப்பிடுவதை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். அந்த வயது வரம்புக்குள் மூப்பு என்று எழுதி ஒருவரும் தப்ப முடியாது.

நேற்றுச் சித்தப்பாவுக்குக் கூட்டணி உவமையைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, நம் அப்பாவுக்கு என்ன எழுதினார்கள்?" என்றார். தாத்தா 1983இல் வீட்டில் இறந்தார். நகராட்சி தந்த சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். அதில் காரணமே இல்லை.

#12 இரவுப்பணி

இருக்காது ஐயா. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குத் தரும் நகலில் இறப்புக் காரணத்தை வெளியிடக் கூடாது. மருத்துவர் பார்த்து எழுதியிருந்தால் அது பதிவாளரிடம் போன படிவத்தில் இருந்திருக்கும். வீட்டில் இறந்தவர் என்பதால், படிவம் 4அ நிரப்பப்பட்டதா என்பதே ஐயம். அவருடைய கடைசி வாரங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா?

#13 கணக்கேடு

அத்தை ஒருவர் இருக்கிறார், எண்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். செஞ்சிக்கோட்டை அவர்களே, களப்பணியாளர்கள் அன்று உங்கள் ஆத்தாவிடம் கேட்ட கேள்விகளில் நினைவிருப்பவற்றை இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.